வாயில்லா ஜீவனின் வயிற்றுக்குள்
(குதிரை, கழுதைகளைப் பீடிக்கும் நாடாப்புழுவும் செலவு குறைந்த சிகிச்சையும்)

புத்தளம் என்றதும் வெளியூரார் இரண்டு பொருள்களைச் சொல்லுவார்கள். ஒன்று உப்பு, மற்றது கழுதை. உப்பைச் சொல்லும்போது மரியாதையாகச் சொல்லுவார்கள். கழுதையைச் சொல்லும்போது சிரிப்பார்கள். நாமும் சேர்ந்து சிரித்துவிட்டுப் போய்விடுகிறோம். ஆனால் லொறியும் லேண்ட்மாஸ்டரும் வருவதற்கு முன்னர் இக்கரையோர மணற்பாதைகளில் பொதி சுமந்தவை இந்தக் கழுதைகளே. அரபு வணிகரோடு வந்து இறங்கியவை என்பது எமது மூத்தோரின் பேச்சு. இன்று அவற்றுக்குச் சுமையும் இல்லை, சொந்தக்காரரும் இல்லை. புத்தளம் நகர வீதிகளிலும் கற்பிட்டி, தலவில பக்கங்களிலும், வடக்கே மன்னாரிலும் அவை தாமாகவே திரிகின்றன.

அல்குர்ஆனின் ஸூறா அந்நஹ்ல் எட்டாவது வசனம் குதிரை, கோவேறு கழுதை, கழுதை ஆகிய மூன்றையும் ஒரே வரிசையில் வைத்துப் பேசுகிறது. விலங்கியலும் இவற்றை ஒரே குடும்பமாகவே கொள்கிறது. குதிரைக்கு வரும் குடற்புழுக்களில் பெரும்பாலானவை கழுதைக்கும் வரும். குதிரைக்கென்று கண்டறியப்பட்ட மருந்துகளே பெரும்பாலும் கழுதைக்கும் பயன்படுகின்றன. ஆகவே குதிரை என்றதும் நெடுந்தீவையும் நுவரெலியாவையும் நினைத்து, "எமக்கென்ன" என்று ஒதுங்கிவிட முடியாது. எமது வாசலிலேயே அந்தக் குடும்பத்தின் ஏழை உறவினர் நிற்கிறார்.

நபி (ஸல்) அவர்கள், வயிறு முதுகோடு ஒட்டிப்போயிருந்த ஓர் ஒட்டகத்தைக் கண்டு, வாய்பேசாத இந்தப் பிராணிகளின் விடயத்தில் அல்லாஹ்வை அஞ்சுமாறு கூறிய செய்தி நாம் அறிந்ததே. வயிறு ஒட்டிப்போவதற்குப் பட்டினி ஒரு காரணம். வயிற்றுக்குள் இருக்கும் புழு இன்னொரு காரணம். பட்டினியைக் கண்ணால் காணலாம். புழுவைக் காண்பதற்கு அறிவு வேண்டும். அந்த அறிவில் ஒரு சிறு பகுதியைத் தருவதே இக்கட்டுரையின் நோக்கம்.

காயல் துறையில் ஒரு பாடம்

எமக்கு வடமேற்கே, கடலுக்கு அப்பால், தாமிரபரணி ஆற்றின் முகத்துவாரத்தருகே காயல் என்னும் துறைமுகம் இருந்தது. பாண்டியர் காலத்தில் ஹோர்முஸ், ஏடன் போன்ற இடங்களிலிருந்து குதிரைக் கப்பல்கள் அங்கு வந்து சேர்ந்தன. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் அக்கரைக்கு வந்த மார்க்கோ போலோ ஒரு வியப்பான செய்தியை எழுதி வைத்தார். அந்நாட்டு மன்னர் ஆண்டுதோறும் 2000-க்கு மேற்பட்ட குதிரைகளைப் பெரும் விலை கொடுத்து வாங்குவாராம். ஆண்டு முடிவில் நூறு குதிரைகளும் மிஞ்சமாட்டாவாம். பராமரிக்கத் தெரிந்தவர் இல்லை, குதிரை வைத்தியர் இல்லை என்பதே அவர் கூறும் காரணம். குதிரை விற்ற வணிகர்கள் வைத்தியர் எவரையும் அங்கே போகவிடாமல் தடுத்தார்கள் என்றும் அவர் எழுதுகிறார். குதிரை செத்தால்தானே அடுத்த ஆண்டு வியாபாரம்!

அக்குதிரைகள் எந்த நோயால் இறந்தன என்று இன்று யாரும் வகைப்படுத்திக் கூற முடியாது. ஆனால் பாடம் தெளிவானது. பொன்னைக் கொட்டிக் குதிரை வாங்கியவர்களிடம் அதைக் காப்பாற்றும் அறிவு இருக்கவில்லை. அறிவு இல்லாத இடத்தில் பணம் கரைந்தது, உயிரும் போயிற்று. புழு மருந்து விடயத்திலும் இதுவே இன்றும் நடக்கிறது. மலிவாகக் கிடைத்த மருந்தைக் கண்மூடிக் கொடுப்பவர் செலவைக் குறைப்பதில்லை. தவறான மருந்து எவ்வளவு மலிவாக இருந்தாலும் அது நட்டமே.

நாடாப்புழு எப்படிப்பட்டது?

பிராணிகளின் குடலில் வாழும் புழுக்களை இரு பெரும் வகையாகப் பிரிக்கலாம். ஒன்று நூல் போலவோ கயிறு போலவோ உருண்டு இருப்பது; அது உருளைப்புழு. மற்றது தட்டையாகத் துண்டு துண்டாக இணைந்து இருப்பது, அது நாடாப்புழு. குதிரை, கழுதைகளில் மிகப் பரவலாகக் காணப்படும் நாடாப்புழுவின் பெயர் அனோப்ளோசெபலா பெர்போலியாட்டா. பெயர் நீளமானதே தவிர புழு நீளமானதன்று. பெரும்பாலும் 4 முதல் 8 சென்ரிமீற்றர் வரைதான் இருக்கும். மனிதரின் நாடாப்புழு பல மீற்றர் வளரக்கூடியது என்பதை எண்ணிப்பார்த்தால் இது சின்னஞ்சிறியது. தலையில் நான்கு உறிஞ்சிகள் உண்டு, கொக்கிகள் இல்லை.

இப்புழுவின் வாழ்க்கைச் சக்கரம் சுவையானது. புழுவின் முட்டைகள் பிராணியின் சாணத்தோடு வெளியே வருகின்றன. அம்முட்டையை இன்னொரு குதிரை நேராகத் தின்றாலும் அதற்குப் புழு உண்டாகாது. இடையில் ஒரு விருந்தாளி வேண்டும். மண்ணிலும் புல்லடியிலும் வாழும், ஒரு மில்லிமீற்றர் நீளமும் இல்லாத, எட்டுக்கால் கொண்ட ஓரிபேட்டிட் என்னும் சிற்றுண்ணியே அந்த விருந்தாளி. அது உக்கிய இலை, பூஞ்சணம், சாணத் துணுக்கு முதலியவற்றைத் தின்று வாழ்வது. சாணத்தோடு முட்டையும் அதன் வயிற்றுக்குள் போகிறது. அங்கே இரண்டு முதல் நான்கு மாதங்களில் இளம்புழு உருவாகிறது. புல் மேயும் கழுதை அச்சிற்றுண்ணியையும் சேர்த்து விழுங்கும்போது இளம்புழு அதன் குடலை அடைகிறது. அதிலிருந்து ஆறு முதல் பத்து வாரங்களில் அது முதிர்ந்து முட்டையிடத் தொடங்குகிறது. சக்கரம் ஒரு சுற்று முடிகிறது.

ஆடு வளர்க்கும் வீடுகளில் இதைப் போன்ற ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். ஆட்டுப் பிழுக்கையோடு வெந்த சோற்றுப் பருக்கை போல வெள்ளையாக ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கும். அது மொனீசியா என்னும் ஆட்டு நாடாப்புழுவின் துண்டு. அதற்கும் இடைவிருந்தாளி இதே வகைச் சிற்றுண்ணிதான். ஆனால் ஆட்டுப் புழு கழுதையில் வளராது. கழுதைப் புழு ஆட்டில் வளராது. ஆகவே கழுதையும் ஆடும் ஒரே தரையில் மேய்வதால் இந்தப் புழு இடம்மாறித் தொற்றும் என்று அஞ்சத் தேவையில்லை. மாறாக, மாடோ ஆடோ கழுதைப் புழுவைச் சுமந்த சிற்றுண்ணியை விழுங்கினால் அந்தப் புழு அங்கேயே அழிந்துபோகும். கலப்பு மேய்ச்சல் நன்மை தருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சிற்றுண்ணி ஈரமும் உக்கலும் உள்ள புல்தரையை விரும்புவது. வெயிலில் காய்ந்த வெற்று மணலில் அதன் தொகை குறையும். எமது பிரதேசம் ஆண்டின் பெரும்பகுதி வரண்டு கிடந்து, ஒக்டோபர் தொடக்கம் மாரி மழையோடு பச்சைபிடிப்பது. ஆகவே கேணியோரம், குளக்கரை, தென்னந்தோட்டத்து நிழல், மழைக்குப்பின் முளைத்த புல்வெளி ஆகியனவே இங்கே கவனிக்க வேண்டிய இடங்கள்.

சிறு புழு, பெரும் தொல்லை

நான்கைந்து நாடாப்புழுக்கள் இருந்தால் பெரும்பாலும் பிராணிக்கு ஒன்றும் தெரியாது. தொகை பெருகும்போதே ஆபத்து. இப்புழுக்கள் குடல் முழுவதும் பரவி இருப்பதில்லை. சிறுகுடல் குருட்டுக்குடலோடு சேரும் வாசலில்தான் கூட்டமாக ஒட்டிக்கொள்ளும். ஒரு வீட்டின் வாசற்படியில் நூறு பேர் நின்றால் உள்ளே போவதும் வெளியே வருவதும் எப்படி இருக்கும்? அதே நிலைதான். அவ்விடம் புண்ணாகித் தடிக்கிறது. உணவு நகர்வது தடைப்படுகிறது. சில வேளை குடலின் ஒரு பகுதி மற்றப் பகுதிக்குள் செருகிக்கொள்கிறது. இவற்றால் உண்டாகும் வயிற்றுவலியை மிருக வைத்தியர்கள் கொலிக் என்பார்கள். குதிரைகளின் மரணத்துக்கு முக்கிய காரணங்களுள் கொலிக் ஒன்று.

நாடாப்புழு பெரிய தீங்கு செய்யாது என்று நெடுங்காலம் கருதப்பட்டது. 1998-இல் இங்கிலாந்தின் லிவர்பூல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு இக்கருத்தை மாற்றியது. விட்டுவிட்டு வரும் இசிவு வகை வயிற்றுவலியில் 22 வீதமும், சிறுகுடலின் கடைசிப் பகுதி அடைத்துக்கொள்ளும் வகையில் 81 வீதமும் நாடாப்புழுவோடு தொடர்புடையவை என்று அவர்கள் கணித்தார்கள்.

வயிற்றுவலி வந்த குதிரை நிலத்தைக் காலால் கிளறும், வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்க்கும், புரளும், வியர்க்கும். கழுதை அப்படியல்ல. அது வலியைக் காட்டிக்கொள்ளாத பிராணி. தலையைத் தொங்கவிட்டு ஒதுங்கி நிற்கும், தீனைத் தொடாது, அவ்வளவுதான். "கழுதை சும்மா நிற்கிறது" என்று நாம் போய்விடுவோம். ஆனால் ஓரிரு நாள் உண்ணாமல் இருந்தாலே கழுதையின் இரத்தத்தில் கொழுப்பு ஆபத்தான அளவுக்கு ஏறி ஈரலைத் தாக்கக்கூடும். ஆகவே கழுதை உண்ணவில்லை என்றால் அதுவே அவசர நிலை. அன்றைக்கே மிருக வைத்தியருக்கு அறிவிக்க வேண்டும். வலியால் துடிக்கும் பிராணிக்கு வீட்டிலிருந்து புழு மருந்தைக் கொடுப்பது சிகிச்சையாகாது.

எந்த மருந்து வேலை செய்யும்?

பணம் வீணாவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். புழு மருந்து என்று ஒரே பெயரில் அழைக்கப்பட்டாலும் எல்லா மருந்தும் எல்லாப் புழுவையும் கொல்லாது.

ஐவமெக்டின் என்பது எங்கும் கிடைக்கும் மலிவான மருந்து. ஜப்பானிய மண்ணில் இருந்த நுண்ணுயிர் ஒன்றிலிருந்து பிறந்து, 1981-இல் கால்நடை மருந்தாக விற்பனைக்கு வந்தது. அதைக் கண்டறிந்ததற்காக சதோஷி ஓமுராவும் வில்லியம் கம்பெலும் 2015-இல் நோபல் பரிசின் ஒரு பாதியைப் பகிர்ந்துகொண்டார்கள். உருளைப்புழுக்களுக்கும் சில தோல் உண்ணிகளுக்கும் அது அருமருந்து. ஆனால் நாடாப்புழுவை அது ஒன்றும் செய்யாது. புழுவின் நரம்பில் அம்மருந்து பற்றிக்கொள்ளும் இடம் நாடாப்புழுவிடம் இல்லை. மாதந்தோறும் ஐவமெக்டின் கொடுத்தாலும் நாடாப்புழு சுகமாகவே இருக்கும். கொடுத்தவர் மட்டும் மருந்து கொடுத்துவிட்டோம் என்ற நிம்மதியில் இருப்பார்.

நாடாப்புழுவுக்கென்று நம்பத்தக்க மருந்துகள் இரண்டு.

ஒன்று பிராசிகுவாண்டெல். தயாரிப்பைப் பொறுத்து உடல் நிறையில் ஒரு கிலோகிராமுக்கு 1 முதல் 2.5 மில்லிகிராம் வரை போதும்.

மற்றது பைரன்டெல். உருளைப்புழுவுக்கு ஒரு கிலோகிராமுக்கு 6.6 மில்லிகிராம் கொடுப்பார்கள். நாடாப்புழுவுக்கு அதன் இருமடங்கான 13.2 மில்லிகிராம் வேண்டும். ஒற்றை அளவு கொடுத்தால் நாடாப்புழு முழுமையாக நீங்காது.

பிராசிகுவாண்டெல் மலிவான கதையையும் மாணவிகள் தெரிந்துகொள்ள வேண்டும். 1970-களில் ஜேர்மன் கம்பனிகள் அதைக் கண்டறிந்தபோது அது விலை உயர்ந்த மருந்து. ஆபிரிக்காவில் கோடிக்கணக்கானோரை வாட்டிய நத்தைக்காய்ச்சல் என்னும் குருதிப்புழு நோய்க்கு அதுவே மருந்து; ஆனால் ஏழை நாடுகளால் வாங்க முடியவில்லை. 1980-களின் தொடக்கத்தில் தென்கொரிய விஞ்ஞானிகள் அதை வேறொரு முறையில் தயாரிக்கும் வழியைக் கண்டார்கள். ஷின் பூங் என்னும் கொரியக் கம்பனி உற்பத்தியைத் தொடங்கியது. போட்டி வந்ததும் விலை இறங்கியது. இன்று அது உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளது. ஓர் ஆய்வுகூடத்தில் சிலர் செய்த வேலை உலகெங்கும் மனிதருக்கும் மிருகத்துக்கும் மருந்தை எட்டும் தூரத்தில் வைத்தது.

இனி, எமது பாட்டன்மார் அறிந்த ஒரு மருந்தையும் சொல்ல வேண்டும். அது பாக்கு. பாக்கில் உள்ள அரிகோலின் என்னும் பொருள் நாடாப்புழுவை மயக்கி வெளியேற்றவல்லது. நாய்களின் நாடாப்புழுவுக்கு அது முன்னர் மருந்தாகவே பயன்பட்டது. ஆனால் பயன்தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி சிறிது. எச்சில் வடிதல், கடும் கழிச்சல், இதயத் துடிப்புக் குறைதல் எல்லாம் வரும். பாதுகாப்பான மருந்து வந்த பிறகு அதைக் கைவிட்டது சரியே. பாக்கை இடித்துக் கழுதைக்குக் கொடுத்துப் பார்க்க வேண்டாம்.

செலவு எங்கே குறைகிறது?

குதிரைகளுக்கான புழு மருந்து பெரும்பாலும் பசை வடிவில், ஊசியில்லாத சிரிஞ்சு போன்ற குழாயில் வெளிநாடுகளிலிருந்து வருவது. ஒரு குழாயின் விலையைக் கேட்டதும் பலர் பின்வாங்கிவிடுவார்கள். சற்றுக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

முதலில் பிராணியின் நிறை தெரிய வேண்டும். தராசு வேண்டியதில்லை, தையல்காரரின் அளவு நாடா போதும். முன்னங்கால்களுக்குச் சற்றுப் பின்னால் நெஞ்சைச் சுற்றி அளக்க வேண்டும். பின்னர் தோள் முனையிலிருந்து பிட்டத்தின் முனைவரை நீளத்தை அளக்க வேண்டும். நெஞ்சுச் சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, அதனை நீளத்தால் பெருக்கி, 11,877 ஆல் வகுத்தால் குதிரையின் நிறை ஏறக்குறையக் கிலோகிராமில் வரும். சுற்றளவு 140 சென்ரிமீற்றர், நீளம் 120 சென்ரிமீற்றர் உள்ள ஒரு மட்டக்குதிரையை எடுத்துக்கொள்வோம். 140 × 140 × 120 = 23,52,000. இதை 11,877 ஆல் வகுத்தால் 198 கிலோகிராம். கழுதையின் உடலமைப்பு வேறு என்பதால் இச்சூத்திரம் அதற்குச் சரிவராது. 1969-இல் இங்கிலாந்தில் எலிசபெத் ஸ்வென்ட்சன் அம்மையார் தொடங்கிய கழுதைகள் சரணாலயம் கழுதைகளுக்கென்றே தனியான நிறை அட்டவணையைத் தருகிறது. மிருக வைத்தியர் அதைப் பார்த்துச் சொல்லுவார்.

மேற்சொன்ன 198 கிலோகிராம் மட்டக்குதிரைக்கு, கிலோகிராமுக்கு 1.5 மில்லிகிராம் வீதம், வேண்டிய பிராசிகுவாண்டெல் ஏறக்குறைய 300 மில்லிகிராம் மட்டுமே. பைரன்டெல் என்றால் 2,600 மில்லிகிராமுக்கு மேல் வேண்டும். 600 கிலோகிராம் எடையுள்ள பெரிய பந்தயக் குதிரைக்கென்று நிரப்பப்பட்ட ஒரு குழாய், 200 கிலோகிராம் எடையுள்ள மூன்று மட்டக்குதிரைகளுக்குப் போதும். 120 கிலோகிராம் எடையுள்ள சிறு கழுதைகள் என்றால் ஐந்துக்குப் போதும். குழாயின் தண்டில் நிறைக் கோடுகளும் ஒரு திருகு வளையமும் இருக்கும். வளையத்தை உரிய கோட்டில் நிறுத்தினால் அந்த அளவுக்கு மேல் வராது. பிராணி வைத்திருப்போர் மூவர் நால்வர் ஒன்றுசேர்ந்து, மிருக வைத்தியரை ஒரே நாளில் அழைத்து, ஒரு குழாயைப் பகிர்ந்துகொண்டால் ஒருவருக்கு வரும் செலவு பல மடங்கு குறையும். ஒன்றுக்குக் கொடுத்தபின் குழாயின் நுனியைக் கழுவித் துடைத்துவிட்டே அடுத்ததற்குக் கொடுக்க வேண்டும்.

இது கணக்கு, மருந்துச் சீட்டு அன்று. சினைப் பிராணி, குட்டி, மெலிந்து நோயுற்றது ஆகியவற்றுக்கு என்ன கொடுப்பது என்பதை வைத்தியரே தீர்மானிக்க வேண்டும். சிக்கனம் என்று எண்ணி அளவைக் குறைத்தும் கொடுக்கக் கூடாது. குறைந்த அளவு மருந்து பலவீனமான புழுக்களைக் கொன்று, பலமானவற்றை மிஞ்சவிடும். மிஞ்சியவை பெருகினால் நாளை அம்மருந்தே பயனற்றுப் போகும். இது வெறும் பயமுறுத்தல் அல்ல. இவ்விரு மருந்துகளும் எதிர்பார்த்தபடி வேலை செய்யாத குதிரைக் கூட்டத்தை அமெரிக்காவின் கென்டக்கி ஆய்வாளர்கள் 2023-இல் அறிவித்திருக்கிறார்கள். வேறு புதிய மருந்து வரிசையில் காத்திருக்கவில்லை.

ஆகவே உண்மையான சிக்கனம், தேவையானபோது மட்டும் கொடுப்பதில் உள்ளது. மாதந்தோறும் வேண்டியதில்லை. பல நாடுகளில் நாடாப்புழுவுக்கென்று ஆண்டுக்கு ஒருமுறை, மிஞ்சினால் இருமுறை கொடுப்பதே வழக்கம். சிற்றுண்ணியில் இளம்புழு வளரும் காலத்தையும் எமது மாரியையும் சேர்த்துப் பார்த்தால், மழைப் புல்லில் மேய்ந்து முடிந்த பிறகு கொடுப்பதே பொருத்தமாகத் தோன்றும். நாளை வைத்தியர் குறிப்பார்.

சாணத்தைச் சோதித்துப் பார்க்க முடியாதா என்று கேட்கலாம். முடியும், ஆனால் நாடாப்புழு விடயத்தில் அது முழு நம்பிக்கைக்குரியதல்ல. முட்டைகள் ஒரே சீராக வெளிவருவதில்லை. முட்டை காணப்பட்டால் புழு உண்டு என்பது உறுதி. காணப்படாவிட்டால் புழு இல்லை என்று கூற முடியாது. இதற்கு ஓர் உபாயம் உண்டு. மருந்து கொடுத்து ஏறக்குறைய ஒரு நாளின் பின் எடுக்கும் சாணத்தில், இறந்த புழுக்கள் சிதைவதால் முட்டைகள் அதிகம் காணப்படும். ஐந்து பிராணிகளில் ஒன்றில் இப்படிக் கண்டாலே அந்த மேய்ச்சல் தரையில் புழு இருப்பது தெரிந்துவிடும். வெளிநாடுகளில் இரத்தத்திலும் உமிழ்நீரிலும் சோதிக்கும் முறைகளும் வந்துவிட்டன.

செலவே இல்லாத மருந்து

எல்லாவற்றிலும் மலிவான மருந்து ஒரு மண்வெட்டியும் ஒரு கூடையும். மேய்ச்சல் தரையில் விழும் சாணத்தை வாரத்துக்கு இருமுறை அள்ளிவிட்டால், சிற்றுண்ணிக்கு முட்டை கிடைக்காது, சக்கரம் அறுந்துவிடும். உருளைப்புழுக்களும் இதே வழியில் குறையும். குதிரைகள் சாணம் கிடக்கும் இடத்துப் புல்லை ஒதுக்கி விடுவன. சாணத்தை அள்ளினால் அந்தப் புல்லும் தீனாகும்.

அள்ளிய சாணத்தை என்ன செய்வது? கற்பிட்டியில் வெங்காயமும் மிளகாயும் பயிரிடும் குடும்பங்களுக்கு இதற்கு விடை சொல்லித்தர வேண்டியதில்லை. எமது மணல் நிலம் தண்ணீரையும் பசளையையும் பிடித்துவைக்காது. மக்கிய சாணம் கலந்த மண்தான் பிடித்துவைக்கும். ஆனால் பச்சைச் சாணத்தை அப்படியே பாத்தியில் கொட்டக் கூடாது. இலைகுழையோடு குவித்து, ஈரமாக வைத்து, இடைக்கிடை புரட்டிவிட்டால் குவியலின் உட்புறம் நன்கு சூடேறும். அந்தச் சூட்டில் புழு முட்டைகளும் களை விதைகளும் அழியும். கூட்டெருவைக் காசு கொடுத்து வாங்குவோருக்கு இது வருமானமும்கூட.

சொந்தக்காரர் இல்லாத கழுதைக்கு?

இதுவரை சொன்னவை எல்லாம் கட்டி வளர்க்கும் பிராணிக்குப் பொருந்தும். வீதியில் திரியும் கழுதைக்கு யார் நாடா பிடித்து அளப்பது? பாணுக்குள் குளிசையை வைத்து எறிந்துவிடலாம் என்று சில இளைஞர் நல்லெண்ணத்தோடு நினைக்கலாம். அது வேண்டாம். எது எவ்வளவு தின்றது என்று யாருக்கும் தெரியாது. ஒன்று இருமடங்கு தின்னும். இன்னொன்று பாதி தின்னும். மிச்சத்தை நாயும் காகமும் தின்னும்.

மன்னாரில் ஒரு நல்ல முன்மாதிரி உண்டு. பிரிட்ஜிங் லங்கா என்னும் தொண்டு நிறுவனம் அங்கே கழுதைகளுக்கென்று ஒரு சிகிச்சை நிலையத்தையும் கல்வி நிலையத்தையும் அமைத்தது. வாகனம் மோதிய கழுதைகளும் நோயுற்றவையும் அங்கு பராமரிக்கப்படுகின்றன. பிள்ளைகளும் உல்லாசப் பிரயாணிகளும் அங்கு சென்று கழுதைகளைப் பற்றி அறிந்துகொள்கிறார்கள். ஊரார் ஏளனம் செய்த பிராணி ஊருக்கே ஓர் அடையாளமாக மாறியிருக்கிறது. மன்னாருக்கு முடிந்தது புத்தளத்துக்கும் முடியும்.

அதுவரை நாம் செய்யக்கூடியவை சிறியவை, ஆனால் பயனுள்ளவை. வயிறு அடைத்து வலியால் நிற்கும் வீதிக் கழுதைக்குப் புழு மட்டுமே காரணமாக இருக்க வேண்டியதில்லை. குப்பையோடு விழுங்கிய பொலித்தீனும் குடலை அடைக்கும். அதற்குப் புழு மருந்து மருந்தல்ல. சோற்று மிச்சத்தைப் பொலித்தீன் பையில் கட்டி வீதியோரம் எறியாமல் இருப்பதே மருந்து. வரட்சிக் காலத்தில் வாசலோரம் ஒரு தொட்டி தண்ணீர் வைக்கலாம். தண்ணீர் குறைந்தால் குடலில் உணவு இறுகி வயிற்றுவலி வரும் என்பதால் அதுவும் ஒரு சிகிச்சையே. தாகித்த நாய்க்குக் கிணற்றில் இறங்கி நீர் எடுத்துக் கொடுத்தவரின் செய்தியைக் கேட்டு வளர்ந்த எமக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. மெலிந்து, உண்ணாமல், காயத்தோடு நிற்கும் கழுதையைக் கண்டால் அண்மையிலுள்ள அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்கு அறிவிக்கலாம்.

பெற்றோர் கேட்கும் கேள்வி

"கழுதைச் சாணத்தால் பிள்ளைகளுக்குப் புழு வருமா?" குதிரை, கழுதைகளின் இந்த நாடாப்புழு மனிதருக்குத் தொற்றும் நோயாகக் கருதப்படுவதில்லை. பிள்ளைகளுக்கு வரும் கீரைப்பூச்சி, கொக்கிப்புழு முதலியன வேறு. அவை மனிதரிடமிருந்தே மனிதருக்கு வருபவை. ஆகவே புழுவுக்குப் பயந்து கழுதையைக் கல்லால் அடிக்க நியாயம் இல்லை. ஆயினும் எந்தச் சாணத்திலும் வேறு கிருமிகள் இருக்கலாம். தொட்டபின் சவர்க்காரமிட்டுக் கை கழுவுவதும், மரக்கறியைக் கழுவிச் சமைப்பதும் வழக்கமாக இருக்கட்டும். வீட்டுப் புழு மருந்தைப் பிராணிக்கோ, பிராணியின் மருந்தை மனிதருக்கோ நாமாகவே மாற்றிக் கொடுக்கக் கூடாது. பெயர் ஒன்றாக இருந்தாலும் அளவும் சேர்மானமும் வேறு.

மாணவிகளுக்கு ஒரு வார்த்தை

உயர்தரத்தில் உயிரியல் பிரிவைத் தெரிவுசெய்யும் மகள் வைத்தியராக வேண்டும் என்பது எல்லாப் பெற்றோரின் ஆசை. அதே பிரிவிலிருந்து பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய பீடத்துக்கும் வழி உண்டு என்பதைப் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. ஆடும் மாடும் கோழியும் வாழ்வாதாரமாக உள்ள இம்மாவட்டத்தில் மிருக வைத்தியரின் தேவை சிறியதல்ல. வீட்டில் கால்நடைகளுக்குத் தீன் வைப்பதும், ஏதோ சுகமில்லை என்று முதலில் கண்டுகொள்வதும் பெரும்பாலும் பெண்களே. அவர்களோடு அவர்களது மொழியில், அவர்களது முற்றத்தில் நின்று பேசக்கூடிய ஒரு பெண் மிருக வைத்தியர் எவ்வளவு பயன் தருவார்!

காயல் துறையில் பொன் இருந்தது, குதிரை இருந்தது; அறிந்தவர் ஒருவர் இல்லை. எம்மிடம் பொன் இல்லை. நாடா இருக்கிறது, மண்வெட்டி இருக்கிறது, படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அறிந்தவராக ஆவதற்கு இவை போதும்.